பெயரிலேயே தண்ணீர் இருக்கும் ஊர்கள்: திருகோணமலையில் ஒரு வீட்டுக்காணி தேடிய கதை

சென்ற ஆண்டுக்கு முந்திய மார்கழியில், இரவு முழுவதும் பெய்த மழை விடிந்தும் விடாதிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், நானும் மனைவியும் ஆளுக்கொரு குடையுடன் நிலாவெளி வீதியை அண்டிய ஒரு காணியின் வாசலில் நின்றோம். ஆவணியில் அதே காணியை முதன்முதலாகப் பார்த்தபோது வெள்ளை மணல், ஆறு தென்னை, நடந்துபோகும் தூரத்தில் கடல் என்று எல்லாமே மனதுக்குப் பிடித்தமாதிரி இருந்தன. தரகர் கேட்ட முற்பணத்தை அன்றே கொடுத்துவிட நான் ஆயத்தமாக இருந்தேன். மனைவிதான், “ஒரு மாரி போகட்டும், பிறகு பார்ப்போம்” என்று தடுத்தார். மார்கழியில் பார்த்தபோது அந்த ஆறு தென்னைகளும் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றன. தரகர் அன்று தொலைபேசியை எடுக்கவில்லை.

காணி தேடுவதைப் பற்றி எனக்கு இருந்த எண்ணத்தை மாற்றியது அந்தக் காலைப்பொழுதுதான். எங்கள் மாவட்டத்துக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில், வடகீழ்ப் பருவக்காற்றோடு வந்து விழுகிறது. மற்ற மாதங்களில் எந்தக் காணியும் நல்ல காணியாகவே தெரியும். வீடு திரும்பும் வழியில் ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தோம்: உப்புவெளி, மட்டிக்கழி, பாலையூற்று, மாங்காயூற்று, ஆண்டாங்குளம், இலுப்பைக்குளம், சாம்பல்தீவு. வெளி, கழி, ஊற்று, குளம், தீவு என்று நம் முன்னோர் தண்ணீரின் நடமாட்டத்தைப் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். உப்புவெளியில் கிணறு உவர்க்கிறது என்று வாங்கிய பிறகு குறைசொல்பவர் பெயரைக் கவனித்துப் படிக்காதவர். பிற்காலத்தில் குடியேற்றங்களுக்கு வைத்த புரம், நகர், புரி என்ற பெயர்கள் அவ்வளவு உதவுவதில்லை. அங்கே பழைய குடியிருப்பாளரிடம் அந்த இடம் முன்பு என்னவாக இருந்தது என்று கேட்டுத்தான் அறியவேண்டும்.

எங்கள் கையில் இருந்ததையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் தொகையைச் சொல்லாமல் இடத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. பதினொரு ஆண்டுச் சேமிப்பு, மனைவியின் நகையில் ஒரு பகுதி, வங்கி தர ஒப்புக்கொண்ட கடன் என எல்லாம் சேர்த்து 70 இலட்சம் ரூபாய். இதையே 2021இல் செய்திருக்கலாம் என்று மாமி இப்போதும் நினைவூட்டுவார். அந்த ஆண்டு ஆயிரம் ரூபாயளவில் இருந்த 50 கிலோ சீமெந்துப் பை அடுத்த ஆண்டில் மூவாயிரத்தை எட்டியது. வங்கி வட்டி 25 சதவீதத்தைத் தாண்டியது. வட்டி இறங்கும்வரை காத்திருந்தோம், அது இறங்கியது. சீமெந்தும் மரமும் பழைய விலைக்குத் திரும்பவில்லை. ஆகவே வெறுங்காணி வாங்கிப் புதிதாகக் கட்டுவதா, பழைய வீட்டோடு வாங்கித் திருத்துவதா என்ற கேள்வி தொடக்கத்திலிருந்தே எங்களோடு வந்தது.

நகரத்தை முதலில் பார்த்துவிட்டு விலகினோம். கடல் மூன்று பக்கமும் வளைத்த ஒடுங்கிய நிலத்தில் பழைய பட்டினம் இருப்பதால், அங்கே புதிதாகக் காணி முளைக்க வழியில்லை. இருப்பதிலும் கோட்டை, கடற்படை, அரச அலுவலகங்கள் என்று பெரும்பங்கு போய்விடுகிறது. உவர்மலையில் ஒரு பேர்ச்சுக்கு (ஏறக்குறைய 272 சதுர அடி) எங்களிடம் கேட்ட விலையில் கன்னியா வீதியில் ஐந்து பேர்ச் வாங்கலாம். மேடு, காற்று, விவேகானந்தாக் கல்லூரி பக்கத்தில் என்று அந்த விலைக்கு நியாயங்கள் இருக்கலாம். எங்கள் பணத்துக்கு அங்கே ஒரு வீட்டின் முற்றம்தான் கிடைத்திருக்கும். (கோட்டைப் பக்கத்தில் குடியிருக்கும் நண்பர் ஒருவர், அங்கே வீடு வாங்குபவர் பூந்தோட்ட ஆசையை விட்டுவிடவேண்டும் என்கிறார். நகருக்குள் திரியும் புள்ளிமான்கள் அவர் நட்ட செவ்வரத்தையை ஒரு தடவைகூடப் பூக்க விட்டதில்லையாம்.)

நகரத்தை விட்டு விலகுவதில் பெற்றோருக்கு உள்ள பெரிய தயக்கம் பாடசாலை. முதலாம் தர அனுமதியில், பாடசாலைக்கு அண்மையில் வசிப்போர் என்ற பிரிவில் விண்ணப்பிப்பவருக்கு, வாக்காளர் இடாப்பில் ஐந்து ஆண்டு தொடர்ச்சியாகப் பெயர் இருப்பதற்கும், காணியின் உரிமைப் பத்திரமான உறுதி எவ்வளவு காலமாகத் தம் பெயரில் இருக்கிறது என்பதற்கும் புள்ளிகள் உண்டு. அதைவிட வீட்டுக்கு அண்மையில் பிள்ளையைச் சேர்க்கக்கூடிய வேறு பாடசாலை இருந்தால் புள்ளி குறையும். பிள்ளைக்கு நான்கு வயதாகும்போது அவசரமாகக் காணி வாங்கிக் கோணேஸ்வரா இந்துக் கல்லூரிக்கோ சண்முகா இந்து மகளிர் கல்லூரிக்கோ விண்ணப்பிக்கலாம் என்று நினைப்பவர், ஐந்து ஆண்டுக் கணக்கை முதலில் பார்க்கவேண்டும். எங்கள் பிள்ளைகள் இருவரும் ஏற்கனவே பாடசாலைக்குச் செல்பவர்கள் என்பதால், எங்களுக்குத் தேவைப்பட்டது புள்ளியல்ல, தூரம். அந்தத் தூரத்தை நாங்கள் சைக்கிளால் அளந்தோம். 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில், கியூ.ஆர். குறியீட்டைக் காட்டிப் பங்கீடு பெறும் முறையில் மோட்டார் சைக்கிளுக்குத் தொடக்கத்தில் வாரம் 4 லீற்றர் பெற்றோல்தான் என்று இருந்த நாட்களை மறக்கமுடியாததால், பிள்ளை தானாகச் சைக்கிள் மிதித்துப் போய்வரமுடியாத இடத்தை வாங்குவதில்லை என்று மனைவி ஒரு விதி வைத்தார். நகரிலிருந்து 15 கிலோமீற்றர் அளவிலுள்ள நிலாவெளி அந்த விதியிலேயே விழுந்துவிட்டது.

விழுந்திருக்காவிட்டாலும் நிலாவெளி வீதியை நாங்கள் விட்டிருப்போம் என்று இப்போது தோன்றுகிறது. போர் முடிந்த பிறகு விடுதிக்காரர்களின் கண் அந்தக் கரையில் விழுந்துவிட்டது. கடலைப் பார்க்கும் காணிக்கு அவர்கள் தரும் விலையை, சம்பளத்தில் வாழும் குடும்பம் தரமுடியாது. கடலைப் பார்க்காத, வீதிக்கு மேற்கேயுள்ள காணிகள் மலிவாக இருக்கும். அவற்றுள் பல தாழ்நிலங்கள். கரையோரத்தில் இன்னொரு பிடியும் உண்டு. உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை 1981ஆம் ஆண்டின் சட்டப்படி கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்குப் பிரதேச சபையின் அனுமதி மட்டும் போதாது, கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். 2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் தூரத்துக்குக் கட்டவேகூடாது என்று அறிவித்துப் பின்னர் தளர்த்தினார்கள். விதி தளர்ந்தாலும் அன்று காலை ஓடியவர்களின் நினைவு தளரவில்லை. சல்லியில் சொந்தக்காரர்களை இழந்த மாமி, கடல் இரைச்சல் கேட்கும் வீட்டில் ஒரு இரவும் படுக்கமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஒரு குடும்பம் வீடு தேடும்போது இதுவும் ஒரு கணக்குத்தான்.

கடலைவிட்டு உட்பக்கமாகப் போனால் கன்னியா வீதி. வெந்நீர் ஊற்றுவரை ஏறக்குறைய 8 கிலோமீற்றர். மேட்டு நிலம், சிவந்த மண், மலிவு. 20 பேர்ச் காணிகள் எங்கள் தொகைக்குள் வந்து, வீடு கட்டவும் ஓரளவு மிஞ்சும்போல இருந்தது. அங்கே எங்களைத் தடுத்தது பத்திரம். காட்டிய காணிகளுள் மூன்று பொமிட் காணிகள், அதாவது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு பயிரிடவும் குடியிருக்கவும் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணிகள். பொமிட்டை விற்கமுடியாது. அது, காணியை நிரந்தரமாகக் கொடுக்கும் அளிப்புப் பத்திரமாக மாறியிருந்தாலும், பிரதேச செயலாளரின் முன் அனுமதி இல்லாமல் கைமாற்றினால் அந்தக் கைமாற்றம் செல்லாது. ஆனாலும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் கையொப்பமிட்டு, அந்தக் காணிகள் கைமாறிக்கொண்டேதான் இருக்கின்றன. மலிவின் இரகசியம் அதுதான்: வாங்குபவர் நிலத்துக்குப் பணம் கொடுக்கிறார், கிடைப்பது விற்பவரின் நல்லெண்ணம். விற்றவர் இறந்தபின் அவருடைய பிள்ளைகள் வந்து நின்றால் அந்த வெள்ளைத் தாளை வைத்து எதுவும் செய்யமுடியாது. வங்கியும் அதைக் கையால் தொடாது.

கிண்ணியாவில் வேலைபார்க்கும் நண்பர் அங்கே வரச்சொன்னார். 2009இல் 396 மீற்றர் நீளப் பாலம் திறந்த பிறகு படகுப் பாதைக்குக் காத்திருக்கும் கதை முடிந்துவிட்டது உண்மைதான். எங்கள் இருவரின் வேலையும் நகரில் என்பதால் அதை நாங்கள் நீளமாக யோசிக்கவில்லை.

பத்திரத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனெனில் திருகோணமலையில் ஊரைத் தெரிவு செய்வதும் உறுதியைத் தெரிவு செய்வதும் வேறுவேறான வேலைகள் அல்ல. 1983இலும் 1990இலும் இடம்பெயர்ந்து இந்தியாவுக்கும் அங்கிருந்து வேறு நாடுகளுக்கும் போனவர்களின் காணிகள் எங்கள் பகுதிகளில் நிறைய உண்டு. சிலவற்றில் வேறு யாரோ குடியிருந்து, “இருபது வருடமாக ஆட்சியில் இருக்கிறேன்” என்று சொல்லி விற்கப் பார்க்கிறார்கள். பத்து ஆண்டு உரிமையாளருக்கு எதிரிடையாக ஆண்டால் உரிமை வரும் என்பது 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்திலிருந்து எல்லோரும் வாய்ப்பாடமாக வைத்திருக்கும் விதி. ஆனால் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களின் நடவடிக்கையால் தம் காணிக்கு வரமுடியாதிருந்தவர்களுக்காக அந்தக் கணக்கில் ஒரு விசேட ஏற்பாட்டைச் செய்தது. அது யாருக்கு எவ்வளவு பயன்பட்டது என்பது வழக்கறிஞர்களின் விடயம். வாங்குபவன் என்ற நிலையில் என் முடிவு எளிமையானது: நீதிமன்றம் தீர்க்கவேண்டிய கேள்வி உள்ள காணி எனக்கு வேண்டாம். அதைவிட, ஊரைவிட்டு ஓடிய ஒருவருடைய கிணற்றடியில் என் பிள்ளைகள் குளிப்பதை நினைக்கவும் மனம் ஒப்பவில்லை.

மறுபக்கம், உண்மையான உரிமையாளரே வெளிநாட்டிலிருந்து விற்கும் காணிகளும் உண்டு. அவை பெரும்பாலும் அற்றோணித் தத்துவத்தின் மூலம், அதாவது தம் சார்பில் கையொப்பமிட இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்கும் அதிகாரத்தின் மூலம் விற்கப்படுகின்றன. தத்துவத்தைக் கொடுத்தவர் உயிரோடு இருக்கும்வரைதான் அதற்கு உயிர். ஆகவே நாங்கள் ஒரு வீட்டுக்காரரைக் காணொளி அழைப்பில் பார்த்துப் பேசவேண்டும் என்று கேட்டோம். கேட்டபோது தரகருக்குக் கோபம் வந்தது, அந்தக் கோபமே எங்களுக்குப் போதுமான பதிலாக இருந்தது. இன்னொரு வீடு நான்கு சகோதரர்களுக்குப் பிரிபடாத பங்கு. மூவர் கையொப்பமிட ஆயத்தம், நால்வரில் இளையவர் எங்கே இருக்கிறார் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. நன்கொடை உறுதி, சீதன உறுதி, பெற்றோரின் சீவிய உரித்தை (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை) ஒதுக்கி வைத்த உறுதி என்று நம்மிடையே உள்ள ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு சிக்கல் உண்டு. உறுதி எழுதும் நொத்தாரிசு ஒருவரை விற்பவரின் பக்கத்திலிருந்து பெறாமல் நாமே அமர்த்தி, காணிப் பதிவகத்தில் முப்பது ஆண்டுப் பதிவுகளைத் தேடச் செய்வதற்கு ஆகும் செலவு, இந்த முழு முயற்சியிலும் நான் மனமொப்பிக் கொடுத்த ஒரே செலவு. முத்திரைத் தீர்வையை மறந்துவிட்டுத் தொகையைக் கணக்கிடுபவர்களும் உண்டு: முதல் ஓர் இலட்சத்துக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4 சதவீதம். 40 இலட்சத்துக்கு உறுதி எழுதினால் 1,59,000 ரூபாய் அதற்கே போகும். நொத்தாரிசின் கட்டணமும் நில அளவையாளரின் கூலியும் வேறு.

பத்திரத்துக்கு அடுத்தது கிணறு. எங்களுக்கு அளந்து தந்த நில அளவையாளர் வயதானவர். காணிக்குள் நுழைந்ததும் எல்லைக்கல்லைத் தேடமாட்டார், கிணறு எங்கே, மலசலகூடக் குழி எங்கே என்றுதான் முதலில் பார்ப்பார். “தம்பி, பத்துப் பேர்ச்சில் நீங்கள் வீடு கட்டலாம், ஆனால் தண்ணீர் குடிக்கேலாது” என்றார். கணக்கைப் பார்த்தால் அவர் சொன்னது சரி. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. பத்துப் பேர்ச் என்றால் 40 அடி அகலமும் 68 அடி நீளமும் கொண்ட ஒரு துண்டு. கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 50 அடி வேண்டும் என்பது வழமையான விதி. நம் காணிக்குள் அதை எப்படியோ சமாளித்தாலும், இடது வீட்டுக் குழியும் வலது வீட்டுக் குழியும் பின்வீட்டுக் குழியும் நம் கிணற்றைச் சுற்றி நிற்கும். கடற்கரை மணல் தண்ணீரை மட்டுமா ஊடுருவ விடும்? நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கம் வெங்காயத் தோட்டங்களுக்கு அருகில் என்றால் பசளையும் கிணற்றுக்குள் வரும். ஆகவே சிறிய காணி வாங்குபவருக்குக் குழாய்நீர் வசதிப்பொருளல்ல, அதுவே அந்தக் காணியின் பாதி விலை. வீதியில் நீர் வழங்கல் சபையின் குழாய் போகிறதா, போனாலும் மேட்டில் உள்ள வீட்டுக்கு வைகாசி, ஆனி மாதங்களில் அழுத்தம் வருகிறதா என்று பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேட்டு அறியவேண்டும். ஆண்களுக்குத் தெரியாது, வாளி நிரம்பும் நேரம் அவர்கள் வீட்டில் இருப்பதில்லை.

பக்கத்து வீட்டாரைப் பற்றி மாமி கேட்ட முதல் கேள்வி வேறு: “பக்கத்தில நம்மட ஆக்கள் இருக்காங்களா?” மூன்று இனத்தவரும் அடுத்தடுத்து வாழும் இந்த மாவட்டத்தில், இரண்டு தடவை வீட்டைப் பூட்டிவிட்டு ஓடிய ஒருவர் அப்படிக் கேட்பதை நான் குறுகிய மனம் என்று சொல்லமாட்டேன். ஆயினும் என் அனுபவம் அவருடையதிலிருந்து வேறானது. வாடகை வீட்டில் எங்களுக்கு அவசரத்துக்கு முச்சக்கரவண்டி கொண்டுவந்து நிறுத்தியவர் ஒரு முஸ்லிம் அண்ணர். இந்த விடயத்தில் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் மாற்றவில்லை. பாலையூற்றில் பார்த்த வீட்டின் ஒரு பக்கம் கிறிஸ்தவக் குடும்பம், மறுபக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என்று தெரிந்ததும் மாமி பேச்சை நிறுத்திக்கொண்டார்.

அந்த வீட்டைத்தான் வாங்கினோம். பதினொரு பேர்ச், பழைய ஓட்டு வீடு, இரண்டு அறை. லூர்து அன்னை ஆலயத்தின் மணிச்சத்தம் கேட்கும் தூரம். சைக்கிளில் மகளுக்குப் பாடசாலை இருபது நிமிடம். கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் முப்பது அடிதான், அதனால் கிணற்று நீரைத் தோட்டத்துக்கும் துவைப்பதற்கும் விட்டுவிட்டுக் குழாயைக் குடிக்க வைத்திருக்கிறோம். கடற்காற்று இங்கே முழுதாக வந்து சேர்வதில்லை. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் பிற்பகல் இரண்டு மணிக்கு மேற்குச் சுவர் அடுப்புக்கல்போலச் சுடும். வாங்கும்போது அந்தப் பக்கத்தில் ஒரு பெரிய வேம்பு நின்றதை நான் கவனித்திருந்தேன் என்று பெருமைப்படலாம். உண்மையில் கவனித்தவர் மாமி. கூரை ஓடுகளைப் பிரித்துத் தீராந்தி மரங்களை மாற்றியதில் எங்கள் கணக்குக்கு மேல் மூன்று இலட்சம் போய்விட்டது. பழைய வீடு வாங்குபவர் கூரைக்குள் ஏறிப் பார்க்காமல் விலை பேசக்கூடாது, நான் ஏறவில்லை.

இங்கேயும் தண்ணீர் எங்களை முழுதாக விட்டுவிடவில்லை. பெயரில் ஊற்று இருக்கிறதல்லவா? நாங்கள் குடிவந்த பிறகு, ஒழுங்கையின் மேற்புறத்தில் ஒருவர் பதினெட்டு டிப்பர் கிறவல் மண் கொட்டித் தன் காணியை இரண்டடி உயர்த்தினார். அவருக்கு அது நியாயம். அவர் முற்றத்தில் நின்ற தண்ணீர் இப்போது எங்கள் வாசலைத் தேடி வருகிறது. வாங்கும் காணியின் உயரத்தைப் பார்த்த நாங்கள், பக்கத்திலுள்ள வெறுங்காணிகள் நாளை எவ்வளவு உயரும் என்று யோசிக்கவில்லை. இந்தக் கார்த்திகையில் வாசற்படிவரை தண்ணீர் வந்து, மத்தியானத்துக்குள் வடிந்துவிட்டது. தென்னைகளை நனைத்த அந்த முழங்கால் அளவு இல்லை. ஒழுங்கையின் முடிவில் தண்ணீர் வடியும் போக்கு இரண்டு இடத்தில் மண்ணால் அடைபட்டிருக்கிறது. அதைத் துப்புரவாக்கி, ஒன்பது அங்குலக் குழாய்க்குப் பதிலாகப் பெரிய குழாய் போடும்படி உள்ளூராட்சிச் சபைக்கு எழுதிய கடிதத்தில் ஆசிரியை முதலில் கையொப்பமிட்டார், பிறகு நான், அதற்குப் பிறகு கிறவல் கொட்டியவரும்.